குறுக்கே மூன்று மில்லி

அந்த வாரம் மாமியின் கொல்லையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். ரவிக்கை தைப்பவள். ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் வீதியில் ஒரு போர்ஷனில் இருந்தேன். இப்போதும் அங்கேதான்.

என் தம்பி. தச்சு வேலை. காந்தி மார்க்கெட் பக்கம் பட்டறை. மரத்தைச் சீவுகிற ரவுட்டர் மிஷின் அவனுடையது.

ஃபிட்டர் சார். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு எதிர் வீடு. அவரை யாரும் கூப்பிடவில்லை.

மாமி. கொல்லை அவருடையது. உத்திர வீதியில் வீடு. எழுபதைத் தாண்டியவர். இருபது வருஷமாக என்னிடம் ரவிக்கை தைத்துக்கொண்டவர். கிணற்றடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும்.

பலகை. பலா. ஐந்தடி நீளம், இரண்டே முக்கால் அடி அகலம், இரண்டரை அங்குல கனம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் நாலு பேரையும் விட அதிகம் அடம் பிடித்தது அதுதான்.

கொரோனா ஓய்ந்த சமயம் அது. அதற்கு முன் இரண்டு வருஷம் முகக்கவசம் தைத்தேன். தரையில் உட்கார்ந்து வெட்டுவேன். எழுந்து மிஷினுக்குப் போவேன். திரும்பத் தரைக்கு வருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. வலது முட்டி எண்ணியிருக்கிறது. ஒருநாள் உட்கார்ந்தவள் எழ முடியவில்லை. கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து எழுந்தேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தரையில உட்காரவே கூடாதும்மா."

"வேலையே தரையிலதாங்க."

"அப்ப வேலையை மாத்துங்க."

எளிதாகச் சொல்லிவிட்டார். தைப்பது ஸ்டூலில் உட்கார்ந்து. அதில் சிக்கல் இல்லை. வெட்டுவதுதான் தரை. ரவிக்கைக்கு வெட்டுதான் எல்லாம். தைத்துத்தர ஆள் கிடைக்கும். வெட்டை இன்னொருத்தி கையில் கொடுத்தால் அது என் ரவிக்கை இல்லை.

கட்டிலில் வைத்து வெட்டிப் பார்த்தேன். மெத்தையில் துணி அமுங்கியது. இரண்டு ஸ்டூல் மேல் பிளைவுட் போட்டுப் பார்த்தேன். கத்தரிக்கோலின் கீழ் அலகு பலகையை ஒட்டியே போக வேண்டும். பிளைவுட் துள்ளியது. ஒரு கைக்குழி கோணலாகப் போயிற்று. பட்டுத் துணி. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

வலியைப் பொறுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு மூன்று வெட்டலாம். மூன்றோடு சரி. மூன்றை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்த முடியாது.

தையல் மிஷினைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உறையூரில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசு. கை சுத்தம். ஆடி மாசம், கல்யாணம் இல்லை, வேலை குறைவு. வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டோ வைத்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஆவணிக் கல்யாணங்களுக்கு வந்த துணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலில் மாமி வீட்டுக்குப் போனேன். அவர் துணி இரண்டு இருந்தது.

"என்னடிம்மா, வெட்டாம அப்படியே கொண்டு வந்திருக்கே?"

"தரையில உட்கார முடியல மாமி. மிஷினைக் குடுக்கப்போறேன்."

"நின்னுண்டு வெட்டேன்."

"எது மேல வெச்சு வெட்டுறது?"

"வாயேன்," என்றார் மாமி. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே பலகை சாய்ந்திருந்தது. அங்கே முன்பு ஒரு பலா மரம் நின்றது. எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஆடிக் காற்றில் சாய்ந்தது. மில்லில் கொடுத்து மூன்று பலகை போட்டார்கள். இரண்டு, பையன் வீட்டுக்குக் கட்டிலாகப் போயிற்று. இது ரொம்ப அகலம். மிஞ்சிவிட்டது.

"நாலு வருஷமா கிடக்கு. பல்லியும் பூனையும்தான் குடித்தனம் பண்றது. எடுத்துண்டு போ."

நான் தம்பிக்குப் போன் பண்ணினேன்.

அவன் சாயங்காலம் வந்தான். பலகையைத் தரையில் கிடத்தினான். ஒரு மூலையைக் காலால் அழுத்தினான். எதிர் மூலை எழும்பியது. விட்டான். டக்கென்று அடித்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தான்.

"அக்கா, இது பலகை இல்ல. பொரிச்ச அப்பளம்."

"அப்பளம்னா சாப்பிட்டுட்டுப் போடாப்பா," என்றார் மாமி.

மூலைக்கு மூலை முக்கால் அங்குலம் முறுக்கியிருந்தது. மில்லில் இழைக்கும் மிஷின் ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் வாங்காது என்றான். இரண்டாக அறுத்து, இழைத்து, ஒட்டித் தருகிறேன் என்றான்.

"ஒட்டு வேணாம்."

"ஏன்?"

"மழைக்கு ஒரு பக்கம் தூக்கும். ஜார்ஜெட் மாட்டும்."

"அப்ப கையாலதான் இழைக்கணும். பலா. நார் இங்க ஒரு பக்கம் போகும், அங்க ஒரு பக்கம் போகும். உளி வெச்சா பிச்சுக்கிட்டு வரும்."

"சரி. விடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரவுட்டர்ல செய்யலாம்," என்றான். "நேரம் எடுக்கும். என்னிக்கு வேணும்?"

"வெள்ளிக்கிழமை அவ வந்துருவா."

"எவ?"

சொன்னேன். அவனுக்கு அதுவரை தெரியாது. பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு இன்ச் டேப்பை எடுத்து என் பக்கத்தில் வந்து, தரையிலிருந்து என் முழங்கைவரை அளந்தான். ஒரு சாண் கழித்து, கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். அது மேஜைக் காலுக்கு அளவு.

அவன் செய்யப்போவதை மாமிக்கு விளக்கினான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பலகையின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம், பலகையைவிடக் கொஞ்சம் உயரமாக. சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே ஒரு நீளத் தொட்டி. தொட்டியின் அடியில் நடுவாக ஒரு பிளவு. தொட்டிக்குள் ரவுட்டர் உட்காரும். அதன் பல் பிளவு வழியே கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்குள் மிஷினை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளினால், வழியில் எது மேடோ அதைச் சீவும். பள்ளத்தைத் தொடாது. பிறகு தொட்டியை அரை அங்குலம் நகர்த்தி, மறுபடி தள்ள வேண்டும். பலகை எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. சட்டம் இரண்டும் கோணாமல் இருந்தால் போதும்.

"நேரான சட்டத்துக்கு எங்க போறது?" என்றேன்.

"தேடணும்."

எங்கள் தெருவில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறான். அது ஃபிட்டர் சார் காதுக்குப் போயிருக்கிறது. திங்கட்கிழமை காலை நாங்கள் கொல்லைக்குள் நுழைந்தபோது அவர் வாசலில் நின்றார். சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு இரும்பு ஆங்கிள். ஆறடி. கக்கத்தில் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு ஸ்டீல் பட்டை. அதன் ஓரம் மயிரிழை பிசகாத நேர் என்று பிறகு சொன்னார். வேலையை விட்டு வரும்போது சொந்தக் காசில் வாங்கியதாம். அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.

"சட்டம் யாருக்கு?"

"எனக்குங்க சார்," என்றான் தம்பி.

"மரத்துல வேலை செய்யுறவங்களுக்கு மில்லின்னா என்னன்னு தெரியாது. நான் வெச்சுக் குடுக்கறேன்."

"இரும்பு வெச்ச இடத்துல நிக்கும் சார். மரம் வெயிலுக்கு ஒரு பேச்சு, மழைக்கு ஒரு பேச்சு. அதுகிட்ட மில்லியைச் சொன்னா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அன்றே இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேருக்கும் அது பிடித்தும் இருந்தது.

செங்கல்லும் கட்டையும் அடுக்கி ஆங்கிள்களை வைத்தார்கள். நாலு முனையிலும் நூல் கட்டி, மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தார் ஃபிட்டர் சார். நூல் என்னுடையது. நாற்பதாம் நம்பர். இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். அழுத்தவும் கூடாது, விலகவும் கூடாது. அப்போதுதான் சட்டம் இரண்டும் ஒரே மட்டம். ஒரு செங்கல்லுக்குக் கீழே கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து வைத்தார். எடுத்தார். அட்டையைப் பிரித்து ஒற்றையாக வைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"பூமியைத் தூக்கி நேரா வெச்சுட்டாரா?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

பலகையின் எழும்பின மூலைகளுக்குக் கீழே ஆப்பு அடித்தார்கள், ஆடாமல் இருக்க. தம்பி பிளைவுட்டில் தொட்டியைச் செய்து கொண்டுவந்திருந்தான். இரண்டு ஓரத்திலும் ஒரு அங்குல உயரத்துக்கு ரீப்பர் கட்டை. சட்டத்தின் மேல் வைத்து ரவுட்டரை உள்ளே வைத்தான். மாமி வெளியே வந்து பார்த்தார்.

"இதென்னடா, தேரா?"

அன்றிலிருந்து அது தேர்தான். ஃபிட்டர் சார்கூட அப்படித்தான் சொன்னார். "தேரைக் கொஞ்சம் பின்னுக்கு எடு தம்பி." ஒரு சுற்று முடிந்து தொட்டி மறுமுனைக்கு வந்தால் மாமி நாற்காலியிலிருந்து கேட்பார்: "நிலைக்கு வந்துடுத்தா?" வந்துவிட்டது என்போம். "அப்போ மோர் குடியுங்கோ."

முதலில் அடிப்பக்கம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிதான் எடுக்க முடிந்தது. அதற்கு மேல் போனால் மிஷின் திணறியது. தம்பி காலையில் இரண்டு மணி நேரம் செய்வான், பட்டறைக்குப் போவான், நாலு மணிக்கு மறுபடி வருவான். நான் தூளைக் கூட்டினேன். குனியாமல் கூட்ட நீளத் துடைப்பம். பலாத் தூள் மஞ்சள். ஆடிக் காற்று. மாமியின் மடிப்புடவை தனிக் கொடியில் காய்ந்தது. திங்கட்கிழமை வெள்ளையாகப் போட்டார். எடுக்கும்போது வேறு நிறம்.

"என் புடவைக்கு மஞ்சள் நீராட்டு பண்ணிட்டேளே."

"திரும்பத் துவைச்சுத் தரேன் மாமி."

"முட்டியை வெச்சுண்டு நீ துவைக்கப்போறியா? போடி."

செவ்வாய்க்கிழமை பலகையைத் திருப்பினோம். அதுதான் மேல்பக்கம். புதன் சாயங்காலம் அது முடிந்தது. முறுக்கு போய்விட்டது. மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பவில்லை. பச்சை மஞ்சளைக் கீறினாற்போல் இருந்தது நிறம். வாசனை கொல்லை முழுக்க. பழ வாசனை இல்லை. அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று.

ஃபிட்டர் சார் எண்ணெய்த் தாளைப் பிரித்தார். ஸ்டீல் பட்டையைப் பலகையின் நீளவாக்கில் ஓரமாக நிறுத்தினார். குனிந்து பார்த்தார். பட்டைக்கு அடியில் வெளிச்சம் இல்லை. நடுவில் வைத்தார். இல்லை. அந்த ஓரத்தில் வைத்தார். இல்லை.

"பாத்துக்க தம்பி. இதுதான் மில்லி."

தம்பி தலையை ஆட்டினான். அவனுக்குச் சந்தோஷம். மறைத்துக்கொண்டான்.

நான் கையை வைத்துத் தடவினேன். பிறகு பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. ரவிக்கைத் துணியை நான் நீளவாக்கில் போடுவதில்லை, குறுக்கே போடுவேன். அதனால் குறுக்கே உருட்டத் தோன்றியது. என் பக்கத்து ஓரத்தில் வைத்து விட்டேன். தள்ளவில்லை. அதுவே உருண்டது. நடுவில் போய் நின்றது.

அந்தப் பக்கம் போய் அங்கிருந்து விட்டேன். அதுவும் நடுவில் வந்து நின்றது.

மாமிதான் கேட்டார்.

"ஏன் நடுவுல நிக்கறது?"

ஃபிட்டர் சார் ஸ்டீல் பட்டையைக் குறுக்கே வைத்தார். அடியில் சாயங்கால வெயில் தெரிந்தது. நடுவில் மூன்று மில்லி பள்ளம். ஓரத்துக்கு வர வரக் குறைவு. தலையிலிருந்து கால்வரை ஒரே மாதிரி. நீளவாக்கில் எங்கே வைத்துப் பார்த்தாலும் அது நேராகத்தான் இருக்கும். ஒரு வாய்க்கால் மாதிரி.

"உன் தொட்டி," என்றார் ஃபிட்டர் சார்.

"உங்க சட்டம்," என்றான் தம்பி.

"என் சட்டத்துல நூல் கட்டிக் காட்டினேன். கண்ணு இல்லையா?"

"நீங்கதான சார் இதுதான் மில்லின்னு சொன்னீங்க? இப்பதான, இந்த நிமிஷம்?"

"மரவேலைக்காரன்கிட்ட சட்டத்தைக் குடுத்தது என் தப்பு."

"கொண்டு போயிடுங்க சார். யார் கூப்பிட்டா உங்களை?"

ஃபிட்டர் சார் ஸ்டீல் பட்டையை எண்ணெய்த் தாளில் சுற்றினார். நிதானமாகச் சுற்றினார். கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சட்டத்தை எடுக்கவில்லை.

"அக்கா, மூணு மில்லி. ஒரு கனமான துணியை விரிச்சுட்டா தெரியாது," என்றான் தம்பி.

"தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"துணிக்கு."

நடுவில் பள்ளம் இருந்தால் துணி அங்கே தொங்கும். மேலே கோடு போட்டால் கோடு சரியாக இருக்கும். வெட்டும்போது அலகுக்குக் கீழே துணி நகரும், துண்டு பெரிதாகிவிடும். அரைக்கால் அங்குலம் போதும், மார்பில் சுருக்கம் விழ. அவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல மனசில்லை.

"விடுடா. வெள்ளிக்கிழமை அவ எடுத்துட்டுப் போகட்டும்," என்றேன்.

அவன் ரவுட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரத்தில் மாமி ஒன்றும் சொல்லாதது அப்போது மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு என் கதவைத் தட்டினார்கள். ஃபிட்டர் சார். கையில் இரண்டு துண்டு ஆங்கிள், ஒரு டப்பா ஸ்க்ரூ, கக்கத்தில் அந்த ஸ்டீல் பட்டை.

"தம்பியை வரச் சொல்லும்மா."

"வருவானான்னு தெரியல சார்."

"தொட்டிதான் தொய்யுது. நாலு கிலோ மிஷின், அதுக்கு மேல அவன் கை. நடு அழுந்துது. ஓரத்துக்குக் கட்டை பத்தாது, இரும்பு போடணும்." கொஞ்சம் நிறுத்தினார். "தொட்டி தொஞ்சது அவன் தப்பு. குறுக்கே பாக்காதது என் தப்பு. முப்பத்தஞ்சு வருஷமா மிஷின் பெட்டுக்கு, அதான் அடிப்பீடத்துக்கு, நீளத்தைத்தான் பாத்தேன். கை அப்படியே பழகிடுச்சு."

போன் பண்ணினேன். சொன்னேன்.

"இன்னிக்கு கரண்ட் கிடையாதுக்கா. ஒம்பது மணியிலேருந்து. பேப்பர்ல போட்டிருக்கான்."

"தெரியும்."

"வரேன்."

ஆறே முக்காலுக்கு நேராகக் கொல்லைக்கு வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தொட்டியின் இரண்டு ஓரத்திலும் இரும்பு ஏறியது. ஃபிட்டர் சார் ஓட்டை போட்டார், தம்பி ஸ்க்ரூ முடுக்கினான். பிறகு ரவுட்டரை நடுவில் வைத்து, தம்பி அதன் மேல் சாய்ந்து அழுத்தினான். ஃபிட்டர் சார் கீழே படுத்துப் பார்த்தார். வேட்டியெல்லாம் மஞ்சள்.

"இன்னும் அழுத்து."

"அழுத்தறேன்."

"சாப்பிட்டியா இல்லையா? அழுத்து."

"நீங்க எழுந்திருங்க சார், நான் தேர் மேலயே ஏறி நிக்கறேன்."

ஃபிட்டர் சார் படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கியது. அதோடு சண்டை முடிந்தது.

மறுபடி நூல் கட்டினார்கள். எட்டே காலுக்கு மிஷின் ஓடியது. இப்போது நடுவைத் தொடவில்லை, ஓரங்களைத்தான் சீவியது. ஒரு சுற்று முடிந்து இரண்டாவதில் பாதியில் மிஷின் நின்றது. மணி ஒன்பது. சொன்ன நேரத்துக்கு அன்றைக்குத்தான் கரண்ட்டை நிறுத்தினார்கள்.

அப்புறம் உட்கார்ந்திருந்தோம். நினைத்துப் பார்க்க எனக்கு இருப்பது அந்தப் பகல்தான். அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. மாமி எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார். ஃபிட்டர் சார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். தம்பி பட்டறைக்குப் போகவில்லை. பலகை மேல் வெயில் படாமல் ஈரமில்லாத சாக்கைப் போட்டு மூடினான். காற்று அடித்தது. கொடியில் புடவை இல்லை. மாமி இரண்டு நாளாக உள்ளேதான் உலர்த்தினார்.

மத்தியானம் மாமி வீட்டுத் தளிகை. சாதம், எலுமிச்சை ரசம், கொத்தவரங்காய். கரண்ட் இல்லாததால் தேங்காய் அரைக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார். கொல்லையிலேயே வாழை இலை நறுக்கிப் போட்டார். ஃபிட்டர் சார் இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

"உங்காத்துல இப்படி வெப்பாளா?" என்றார் மாமி.

"வீட்டுல அவ இல்லைங்க. மூணு வருஷமாச்சு. நானேதான் வெக்கறேன். வெந்நி மாதிரி வரும்."

மாமி மூன்றாம் தடவையும் ஊற்றினார்.

எதிர் வீட்டில் அவர் தனியாகச் சமைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கேட்டதில்லை. ஏன் கூப்பிடாமல் வந்தார் என்பது அப்போது புரிந்தது.

இப்போது மாமி பெங்களூரில், பையனோடு. அந்த வீடு கைமாறிவிட்டது. கொல்லையில் கார் நிற்கிறது. ஃபிட்டர் சார் கோயம்புத்தூரில் பெண்ணோடு இருக்கிறார். போனில் எப்போதாவது பேசுவார். தம்பி இப்போது பெரிய மிஷின் வாங்கிவிட்டான். எவ்வளவு அகலமான பலகையையும் அது பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். நல்ல மிஷின்தான். போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் நின்றேன். யாரும் யாரையும் திட்டவில்லை.

அன்று நாலு மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஐந்துக்கு வந்தது. உள்ளே மாமியின் மிக்ஸி கத்தியது. சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறார். தம்பி ஓடிப்போய் ரவுட்டரைப் பிடித்தான். ஆறுக்கு முடிந்தது. ஃபிட்டர் சார் ஸ்டீல் பட்டையைக் குறுக்கே வைத்தார், நீளவாக்கில் வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

நூல்கண்டை வைத்தேன். வைத்த இடத்தில் நின்றது.

இன்னொரு இடத்தில் வைத்தேன். நின்றது. காற்று வந்தது. அப்போது உருண்டது. கீழே விழுந்து கிணற்றடியில் ஓடியது.

"அது காத்தும்மா," என்றார் ஃபிட்டர் சார் அவசரமாக.

"தெரியுது சார்."

தம்பி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வார்னிஷ் வேண்டாம் என்றேன். நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். முதலில் மஞ்சள் வந்தது. நாலாவது தடவை வரவில்லை. வாழைப்பழக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றி, அவர், தம்பி, ஃபிட்டர் சார் மூன்று பேரும் பிடித்துக்கொண்டு, வீதியைச் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் பின்னால் நடந்தேன். மாமி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பலகையையா எங்களையா தெரியவில்லை. கால்களைத் தம்பி முன்பே செய்து கொண்டுவந்து போட்டிருந்தான். முடுக்கி நிறுத்தினார்கள். கையால் அழுத்தினேன். துள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு ஏழு மணிக்கு முதல் துணியை விரித்தேன். மாமியுடையது. நின்றுகொண்டே வெட்டினேன். கத்தரிக்கோல் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தரையில் வெட்டும்போது அந்தச் சத்தம் எனக்குக் கீழே இருக்கும். இப்போது நெஞ்சுக்குப் பக்கத்தில் கேட்டது.

பத்து மணிக்கு உறையூர்க்காரி வந்தாள். வாசலில் ஆட்டோ.

"அக்கா, மிஷின் ரெடியா? ஆட்டோக்காரர் இப்பவே கத்தறாரு."

உள்ளே வந்தவள் மேஜையைப் பார்த்து நின்றாள். உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தடவினாள். குறுக்கே தடவினாள். அவளுக்கும் தெரியும்.

"ஒட்டே இல்லையே."

"இல்ல."

"அப்ப மிஷினைத் தரமாட்டீங்க."

"தெரியல. நிக்கறதுக்கு முட்டி என்ன சொல்லுதுன்னு பாக்கணும். உன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள பத்து வெட்டினா மிஷின் எனக்கு. வெட்டலைன்னா நாளைக்கு நானே ஆட்டோ வெச்சு உறையூருக்குக் கொண்டாரேன்."

"பத்தா? என்னாலயே ஒரு நாளைக்குப் பத்து முடியாது."

"அப்ப உனக்குத்தான்."

அவள் சிரித்தாள். முழுசாகச் சிரிக்கவில்லை. அவளுக்கும் மிஷின் வேண்டும். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "சாயங்காலம் போன் பண்றேங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெட்டினேன். மத்தியானம் நின்றுகொண்டே சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு முட்டி பேச ஆரம்பித்தது. எடையை இடது காலுக்கு மாற்றினேன். ஸ்டூலில் ஒற்றைக் காலை வைத்துப் பார்த்தேன். அது சரியாக இருந்தது. ஆவணி மூட்டை கரைந்துகொண்டே வந்தது. முன்துண்டு, பின்துண்டு, கை, பட்டி, ஒவ்வொன்றையும் சுருட்டி அதனதன் துணியாலேயே கட்டி ஜன்னலோரம் அடுக்கினேன். எண்ணவில்லை. எண்ணினால் கை பிசகும்.

எதிர் வீட்டு வாசலில் ஃபிட்டர் சார் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இரண்டு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். போன் அடித்தது. உறையூர்க்காரி.

"என்னக்கா, எத்தனை?"

"இரு. எண்ணிச் சொல்றேன்."

ஜன்னலோரம் போய், ஒவ்வொரு சுருட்டையும் தொட்டு எண்ணினேன். திரும்ப ஒரு தடவை எண்ணினேன்.

பதினேழு.